கேட்கிறது, புரியவில்லை: சார்ல்ஸ் லிபர்மனின் உட்செவி ஆய்வுகள்

"காது நல்லாத்தான் கேட்குது. நாலு பேர் சேர்ந்து பேசினா என்ன சொல்றாங்கன்னுதான் புரியல."

நடுவயதைத் தாண்டியவர்கள் காது மருத்துவரிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. மருத்துவர் செவித்திறன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார். சத்தம் புகாத சின்ன அறை, காதில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பொத்தான். மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் ஆடியோகிராம் என்ற வரைபடம் கைக்கு வந்துவிடும். பலருக்கு அதில் கோடு சரிந்திருக்கும். காரணம் தெரிந்துவிட்டது என்ற ஆறுதலாவது மிஞ்சும். சிலருக்குக் கோடு இயல்பான எல்லைக்குள்ளேயே நிற்கும். "காதுல ஒரு குறையும் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டிலோ, "சொல்றதைக் கவனிக்கிறதே இல்லை, காது மேல பழி" என்பார்கள்.

வரைபடம் பொய் சொல்லாது. வந்தவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பழுது எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாக விடை தேடியவர்களில் முதன்மையானவர் எம். சார்ல்ஸ் லிபர்மன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசச்சூசெட்ஸ் கண்–காது மருத்துவமனையின் ஈட்டன்–பீபாடி ஆய்வகத்தில் மாணவராக நுழைந்து, பின்னாளில் அதன் இயக்குநரானவர்; ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் பேராசிரியர். அவருடைய ஆய்வுப் பாதையை வரிசையாகப் பார்த்தால், செவித்திறன் இழப்பு பற்றிய நம் புரிதல் எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்பது தெரியும். அதில் எது உறுதிப்பட்டது, எது இன்னும் வழக்கில் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

அளவுகோலின் கதை

ஆடியோகிராம் அளப்பது ஒன்றே ஒன்றை: ஒவ்வொரு சுருதியிலும் ஒருவருக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி எது என்பதை. இதைக் கேட்பெல்லை என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசித் தொழில்நுட்பம் வளர்ந்த 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்சார ஆடியோமீட்டர் உருவானது. அன்று முதல் இன்று வரை செவித்திறனின் அளவுகோல் இதுவே. தொழிற்சாலைச் சட்டம், இழப்பீடு, ராணுவத் தேர்வு, காதுக்கருவி என எல்லாம் இந்த ஒரு வரைபடத்தைச் சுற்றியே அமைந்தன.

அளவுகோலுக்கு ஏற்றாற்போல நோய்க் கொள்கையும் அமைந்தது. உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்லியா என்ற உறுப்பு உண்டு. அதில் உள் மயிர்ச்செல்கள் சுமார் 3,500, வெளி மயிர்ச்செல்கள் சுமார் 12,000. உள் மயிர்ச்செல் அதிர்வை நரம்பின் மொழிக்கு மாற்றுகிறது. அந்தச் செய்தியை ஏறத்தாழ 30,000 நரம்பிழைகள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. பேரோசையோ முதுமையோ சில மருந்துகளோ முதலில் மயிர்ச்செல்லைக் கொல்கின்றன, துணை இழந்த நரம்பிழை பிறகு மெல்ல மடிகிறது என்பதே பாடப்புத்தகம் சொன்ன வரிசை. மயிர்ச்செல் இருக்கும்வரை நரம்புக்கு ஆபத்தில்லை என்று பொருள்.

இதில் ஓர் ஓட்டை இருப்பது 1955லேயே தெரிந்திருந்தது. ஹரால்டு ஷுக்நெக்ட், வோல்னர் என்ற இருவர் பூனைகளின் செவி நரம்பை ஓரளவு துண்டித்துவிட்டுக் கேட்பெல்லையை அளந்தார்கள். நரம்பிழைகளில் பெரும்பங்கு போன பிறகும் எல்லை அசையவில்லை. இதில் வியப்பில்லை. கதவு தட்டப்பட்டது என்று சொல்ல வீட்டில் ஒருவர் விழித்திருந்தால் போதும். வந்தவர் யார், என்ன பேசினார், எந்தத் தொனியில் பேசினார் என்று சொல்லத்தான் பல காதுகள் வேண்டும். ஆடியோகிராம் கேட்பது முதல் கேள்வியை மட்டும். இந்த உண்மை நூலகத்தில் இருந்தும் அரை நூற்றாண்டுக்கு யாரையும் உறுத்தவில்லை. பூனைக்குக் கத்தியால் நேர்ந்தது மனிதருக்குத் தானாக நேரும் என்று நினைக்கக் காரணம் இல்லாமல் இருந்தது.

சத்தம் கேட்காமல் வளர்ந்த பூனைகள்

ஈட்டன்–பீபாடி ஆய்வகம் 1958இல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர் நெல்சன் கியாங், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். பூனையின் செவி நரம்பில் மயிரிழையினும் மெல்லிய மின்முனையைச் செருகி, ஒற்றை நரம்பிழையின் துடிப்பைப் பதிவு செய்யும் கலையை அவருடைய குழு வளர்த்தெடுத்தது. லிபர்மன் அந்தக் கலையை அங்கே கற்றார்.

பேரோசை நரம்பை என்ன செய்கிறது என்று அறிய வேண்டுமானால், பேரோசையே படாத நரம்பு எப்படித் துடிக்கும் என்பது முதலில் தெரிய வேண்டும். சந்தையில் கிடைக்கும் பூனை முன்பு என்னென்ன கேட்டதோ யார் கண்டது? எனவே லிபர்மன் இரைச்சல் குறைந்த அறையொன்றில் பூனைகளைப் பிறக்க வைத்து வளர்த்தார். 1978இல் வெளியான அந்த ஆய்வுதான் அவருடைய பாதைக்கு அடித்தளம்.

செவி நரம்பிழை எந்த ஒலியும் இல்லாதபோதும் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் தன்னியல்புத் துடிப்பின் வேகத்தை வைத்து இழைகளை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம் என்று அவர் காட்டினார். விநாடிக்கு 18க்கு மேல் துடிப்பவை ஏறத்தாழ 60 விழுக்காடு. அரைக்கும் 18க்கும் இடைப்பட்டவை 25 விழுக்காடு. அரைக்கும் கீழே, கிட்டத்தட்ட மௌனமாக இருப்பவை 15 விழுக்காடு. வேகமாகத் துடிப்பவை மிக மெல்லிய ஒலிக்கே விழித்துக்கொள்ளும். ஆனால் ஒலி சற்றே கூடினாலும் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும், அதற்குமேல் வேறுபாடு காட்டாது. மௌன இழைகளை எழுப்ப உரத்த ஒலி வேண்டும். எழுந்துவிட்டால் மற்றவை திணறிப்போன இடத்திலும் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும். சுற்றிலும் இரைச்சல் இருக்கும்போது பேச்சைப் பிரித்தறிய இவையே உதவக்கூடும் என்ற ஊகத்துக்கு இதுவே வித்து. பின்னால் இந்த 15 விழுக்காட்டிடம் திரும்ப வருவோம்.

அடுத்த கேள்வி, இந்த மூன்று குடும்பங்களும் காதில் எங்கே குடியிருக்கின்றன என்பது. 1982இல் வெளியான ஆய்வில், ஒற்றை இழையின் துடிப்பைப் பதிவு செய்துவிட்டு, அதே மின்முனை வழியாக அதனுள் ஒரு நொதியைச் செலுத்தினார் லிபர்மன். குதிரைமுள்ளங்கி என்னும் காரமான கிழங்கிலிருந்து எடுக்கப்படும் நொதி அது. பின்னர் வேதிச்சாயம் ஏற்றினால் இழை முழுவதும் கறுத்துத் தெரியும். துடிப்பைக் கேட்ட இழையை அதன் கடைசி நுனி வரை கண்ணாலும் தொடர முடிந்தது. ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உள் மயிர்ச்செல்லை ஒரே ஒரு நரம்பிணைப்பில் தொடுகிறது. தடித்த, வேகமாகத் துடிக்கும் இழைகள் செல்லின் ஒரு பக்கம். மெலிந்த மௌன இழைகள் எதிர்ப்பக்கம். செயலும் வடிவமும் ஒரே இழையில் பொருந்திப் போனதை நேரடியாகக் காட்டிய ஆய்வு இது.

கருவியில் பதிந்ததை நுண்ணோக்கியிலும் கண்டாக வேண்டும், கண்டதை எண்ணியாக வேண்டும் என்ற இந்தப் பிடிவாதமே லிபர்மனின் முத்திரை. 1980களின் முற்பகுதியில் பேரோசையால் தாக்குண்ட காதுகளையும் அவர் இப்படியே ஆராய்ந்தார். செல் செத்தால்தான் கேட்பெல்லை உயரும் என்பதில்லை. செல்லின் தலையிலுள்ள நுண்மயிர்கள் சிதைந்தாலே போதும் என்று அந்த ஆய்வுகள் காட்டின. செத்த செல்களை மட்டும் எண்ணினால் பழுதின் கணக்கு குறைந்தே வரும் என்பது அப்போதே புரிந்தது.

பெருக்கியும் கடிவாளமும்

இதற்கிடையே துறையில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. காக்லியாவில் அலை பரவும் விதத்தைக் கண்டதற்காக 1961இல் கியார்க் ஃபான் பேக்கேஷி நோபல் பரிசு பெற்றார். அவர் ஆராய்ந்தவை இறந்தவர்களின் காதுகள். உயிருள்ள காது அதைவிடப் பல மடங்கு கூர்மையானது. காது ஒலியைப் பெறுவதோடு நிற்காமல் தானும் ஒலி எழுப்புகிறது என்று 1978இல் டேவிட் கெம்ப் லண்டனில் காட்டினார். 1985இல் வில்லியம் பிரவுனல், வெளி மயிர்ச்செல் மின்னழுத்தத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்குவதைக் கண்டார். காதுக்குள்ளேயே ஒரு பெருக்கி இருக்கிறது என்பது தெளிவானது. 2000ஆம் ஆண்டில் பீட்டர் டாலஸின் குழு அந்த அசைவுக்குக் காரணமான புரதத்தைப் பிடித்து, இசையில் வேகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரஸ்டின் என்று பெயரிட்டது. அதற்குரிய மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கு 40 முதல் 60 டெசிபல் வரை கூர்மை போய்விடுகிறது என்று 2002இல் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் லிபர்மன்.

இதன் பொருள் முக்கியமானது. ஆடியோகிராமின் கோடு சரிவது பெரும்பாலும் வெளி மயிர்ச்செல் என்ற பெருக்கி கெடுவதைக் காட்டுகிறது. பெருக்கி நன்றாக இருந்து, கம்பிகள் மட்டும் அறுந்தால்? அந்த வரைபடத்துக்கு அது தெரியவே தெரியாது.

பெருக்கிக்கு ஒரு கடிவாளமும் உண்டு. மூளைத்தண்டிலிருந்து காதை நோக்கித் திரும்பி வரும் நரம்புக் கற்றை வெளி மயிர்ச்செல்களை அடக்கி வைக்கிறது. ஸ்டெஃபான் மேசனும் லிபர்மனும் 2000ஆம் ஆண்டில் கினிப்பன்றிகளிடம் இதை அளந்தார்கள். இந்த மறிவினை வலுவாக இருந்த காதுகள் பேரோசையில் குறைவாகவே பழுதடைந்தன. ஒரே இரைச்சலில் ஒருவர் காது கெடுவதும் பக்கத்தில் நின்றவர் தப்பிப்பதும் ஏன் என்பதற்கு இது ஒரு பகுதி விடை.

2009: இரண்டு மணி நேரச் சத்தம்

திருப்பம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஃபிரேமிங்ஹாம் ஊர், இதய நோய் பற்றிய நெடுங்கால ஆய்வால் பெயர் பெற்றது. அந்த மக்களின் செவித்திறனையும் அளந்திருந்தார்கள். முன்பு பேரோசையால் பாதிக்கப்பட்ட தடம் இருந்த காதுகள், இரைச்சலை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் மற்றவர்களுடையதைவிட வேகமாக மூத்தன என்ற முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. சத்தம் நின்ற பிறகும் சேதம் நடந்துகொண்டிருக்கிறதா?

லிபர்மனும் அவருடைய சகா ஷரன் குஜாவாவும் இதைச் சுண்டெலிகளில் சோதித்தார்கள். இளமையில் ஒருமுறை சத்தத்துக்கு ஆளான எலிகளை முதுமை வரை காத்திருந்து பார்த்தபோது, மயிர்ச்செல்கள் இருந்த இடத்திலேயே நரம்புச்செல்கள் மடிந்திருந்தன. 2006இல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பு, வீணடித்த இளமை என்று குறும்பாகச் சொல்லியது. செய்தி குறும்பானது அல்ல. மயிர்ச்செல் முதலில், நரம்பு பிறகு என்ற பாடப்புத்தக வரிசை இங்கே பொருந்தவில்லை.

மூன்று ஆண்டு கழித்து 2009இல் வந்த கட்டுரைதான் துறையைக் கலக்கியது. 16 வார வயதுச் சுண்டெலிகளுக்கு 100 டெசிபல் சத்தம், இரண்டே மணி நேரம். சத்தத்தின் அளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது: காது தற்காலிகமாக மந்தமாகி, இரண்டு வாரத்தில் கேட்பெல்லை பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அப்படியே திரும்பியது. வெளி மயிர்ச்செல்கள் இருந்தன. உள் மயிர்ச்செல்களும் இருந்தன. பழைய கணக்குப்படி காது முழுதாகக் குணமாகிவிட்டது.

ஆனால் இவர்கள் எண்ணியது செல்களை அல்ல, நரம்பிணைப்புகளை. ஒவ்வோர் இணைப்பிலும் மயிர்ச்செல்லின் பக்கம் ஒரு நுண்ணிய புரதப் பட்டை இருக்கும். அதற்கு ஒளிரும் சாயம் ஏற்றினால் நுண்ணோக்கியில் புள்ளியாகத் தெரியும். உயர்சுருதிப் பகுதியில் புள்ளிகளில் ஏறத்தாழ பாதியைக் காணவில்லை. சத்தம் நின்ற ஒரே நாளில் அவை போயிருந்தன. திரும்பி வளரவும் இல்லை. மூளைத்தண்டு மின்னலைப் பரிசோதனையில், செவி நரம்பின் ஒருமித்த துடிப்பைக் காட்டும் முதல் அலை, உரத்த ஒலிகளுக்குச் சிறுத்தே நின்றது. இணைப்பை இழந்த நரம்புச்செல்களோ உடனே சாகாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து மெல்ல மடிந்தன. இத்தனை காலம் இந்தப் பழுது கண்ணில் படாமல் போனதற்கு இதுவே காரணம். சத்தத்துக்குப் பின் சில வாரங்களில் நரம்புச்செல்களை எண்ணியவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

இணைப்பு ஏன் அறுகிறது? உள் மயிர்ச்செல் நரம்போடு குளுட்டமேட் என்ற வேதிப்பொருளால் பேசுகிறது. சத்தம் மிகும்போது அது அளவுமீறிக் கொட்ட, நரம்பின் நுனி வீங்கி வெடிக்கிறது. இந்த வீக்கத்தை 1980, 90களிலேயே ஆஸ்திரேலியாவிலும் பிரான்சின் மோன்பெலியே நகரிலும் கண்டிருந்தார்கள். ஆறிவிடும் புண் என்றே கருதப்பட்டது. ஆறுவது எல்லாம் ஆறுவதில்லை என்று எண்ணிக் காட்டியதுதான் 2009இன் பங்களிப்பு.

2013இல் மூன்று செய்திகள் சேர்ந்தன. பேரோசையே படாத சுண்டெலியிலும் வயது ஏற ஏற மயிர்ச்செல்லுக்கு முன்பே இணைப்புகள் குறைகின்றன. மூளையின் கடிவாள நரம்பை அறுத்துவிட்டால், 84 டெசிபல் போன்ற மிதமான ஓசையை ஒரு வாரம் கேட்டாலே இணைப்புகள் போகின்றன. கினிப்பன்றியில் முதலில் பலியாவது அந்த 15 விழுக்காட்டு மௌன இழைகளே. 35 ஆண்டுகளுக்கு முன் அமைதியறைப் பூனைகளிடம் அடையாளம் கண்ட குடும்பம் இப்போது நோயின் மையத்துக்கு வந்தது. அமைதியான அறையில் மெல்லிய ஒலியைக் கேட்கும் இழைகள் மிஞ்சிவிடுகின்றன. இரைச்சலில் பேச்சைத் தாங்கிப் பிடிப்பவை போய்விடுகின்றன. பரிசோதனை அறையில் தேறியவர் கல்யாண வீட்டுப் பந்தியில் ஏன் தவிக்கிறார் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் அதுவரை வந்ததில்லை.

இதற்குப் பெயர் கிடைத்தது லண்டனில். ஆடியோகிராம் இயல்பாக இருந்தும் காது இரைச்சலால் அவதிப்படுபவர்களை ஆராய்ந்த ரோலண்ட் ஷேட்டேயும் டேவிட் மெக்கால்பைனும் 2011இல் அவர்களுடைய முதல் அலை சிறுத்திருப்பதைக் கண்டு, மறைந்திருக்கும் செவித்திறன் இழப்பு என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

எலும்பு சொன்ன சாட்சி

எலிக்கு நேர்வது மனிதருக்கும் நேர்கிறதா? உயிருள்ளவர் காதைத் திறந்து எண்ண முடியாது. ஆனால் மாசச்சூசெட்ஸ் கண்–காது மருத்துவமனையில், இறந்த பிறகு ஆய்வுக்கென மக்கள் அளித்துச் சென்ற, உட்செவியைத் தன்னுள் கொண்ட பொட்டெலும்புகளின் பெரும் சேகரம் உண்டு. அதை வளர்த்தெடுத்தவர், 1955இல் பூனை நரம்பை அறுத்துப் பார்த்த அதே ஷுக்நெக்ட். அவர் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியில்தான் லிபர்மன் இருந்தார்.

மயிர்ச்செல் இழப்பு இல்லாத 100 பொட்டெலும்புகளை, பச்சிளங்குழந்தை முதல் நூறு வயது வரை, 2011இல் எண்ணிப் பார்த்தார்கள். நரம்புச்செல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 100 வீதம் குறைந்துகொண்டே வந்திருந்தன. பின்னர் செல்லை விட்டு நரம்பிழைகளையே எண்ணினார்கள். 2019இல் வந்த கணக்கின்படி, மயிர்ச்செல்கள் பெரும்பாலும் மிஞ்சியிருந்த முதிய காதுகளிலும் நரம்பிழைகளில் பாதிக்கு மேல் போயிருந்தன. நரம்பு முந்துகிறது என்ற வரிசை மனிதக் காதிலும் உண்மை என்பது இதனால் உறுதிப்பட்டது.

இதே எலும்புகள் ஷுக்நெக்டையும் திருத்தின. முதுமைச் செவிட்டுத்தன்மையை அவர் வகை பிரித்திருந்தார். அதில் முக்கியமான ஒன்று, காக்லியாவுக்கு மின்னழுத்தம் தரும் திசுப்பட்டை சுருங்குவது. 120 உட்செவிகளை மறுபடி எண்ணிய ஆய்வு 2020இல் வந்தது. கேட்பெல்லையின் சரிவை விளக்குவதில் மயிர்ச்செல் இழப்பே முன்னால் நின்றது. மின்கலப் பட்டை பின்னுக்குப் போனது. குருபீடத்தில் அமர்ந்துகொண்டே குருவின் கணக்கைத் திருத்தியது அறிவியலுக்கு அழகுதான். கேட்பெல்லையைப் பொறுத்தவரை பழைய குற்றவாளியான மயிர்ச்செல்லே மீண்டும் கூண்டில் ஏறியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லிபர்மன் நரம்பு ஒன்றையே கட்டிக்கொண்டு அழுதவர் அல்லர்.

எதிர்த் தரப்பு

இனி வழக்கில் இருப்பவை. முதல் கேள்வி, உயிருள்ள மனிதரில் இதை அளக்க முடிகிறதா என்பது. 2016இல் லிபர்மனின் குழு பாஸ்டன் பகுதிக் கல்லூரி மாணவர்கள் 34 பேரைச் சோதித்தது. இசை பயில்வோர் போல உரத்த ஒலிக்கு அதிகம் ஆளானவர்கள், கடினச் சூழலில் சொற்களைக் குறைவாகவே புரிந்துகொண்டார்கள். காதின் மின்பதிவும் வேறுபட்டது. ஆனால் வழக்கமான பரிசோதனை எட்டாத மிக உயர்ந்த சுருதிகளில் அவர்களுடைய கேட்பெல்லையும் மோசமாகவே இருந்தது. மின்பதிவு வேறுபாட்டில் பெரும்பங்கு நரம்பின் துடிப்பு சிறுத்ததால் வந்ததல்ல, மயிர்ச்செல் தரும் அலை பெருத்ததால் வந்தது. நரம்பிணைப்பு இழப்புக்கு இதை நேரடிச் சான்றாக எடுத்துக்கொள்வது கடினம்.

மறு ஆண்டே இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து வலுவான மறுப்பு வந்தது. கிறிஸ்டோபர் பிளாக்கின் குழு இயல்பான ஆடியோகிராம் உள்ள 126 இளையோரைச் சோதித்தது. வாழ்நாளில் எவ்வளவு சத்தம் கேட்டார்கள் என்பதற்கும் முதல் அலையின் உயரத்துக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. அதே ஆண்டில், துப்பாக்கிச் சத்தத்துக்கு ஆளான இளம் அமெரிக்கப் படைவீரர்களிடம் முதல் அலை சிறுத்திருப்பதாக வேறொரு குழு கண்டது. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்டவை. ஒலியின் அளவும் தன்மையும் வேறு என்பது ஒரு சமாதானம். இன்னொன்று, மனிதரில் முதல் அலை மிகச் சிறியது; தலையின் பருமன், ஆணா பெண்ணா, மின்முனை ஒட்டிய இடம் எல்லாமே அதை மாற்றும். கேட்ட சத்தத்தின் கணக்கும் நினைவிலிருந்து சொன்னதுதான்.

இரண்டாவது, இனங்களுக்கிடையே உள்ள வேறுபாடு. ரீசஸ் குரங்குகளில் இணைப்பு இழக்கச் சுண்டெலியைவிட உரத்த ஒலி தேவைப்பட்டது, இழப்பும் குறைவு. மனிதக் காது சுண்டெலிக்கு அருகிலா, குரங்குக்கு அருகிலா? குரங்குக்கு என்றால் ஒரு கச்சேரியோ ஒரு திருவிழாவோ செய்யும் சேதம் எலி ஆய்வு அஞ்சவைத்த அளவுக்கு இருக்காது.

மூன்றாவது, மௌன இழைகள்தாம் குறிவைக்கப்படுகின்றன என்ற அழகான விளக்கம். கினிப்பன்றியில் அது தெரிந்தது. ஆனால் கினிப்பன்றியில் இணைப்புகள் ஓரளவு மீண்டும் வளர்வதும் பின்னர் தெரிந்தது. மீள வளராத சுண்டெலியில் லிபர்மனின் ஆய்வகமே ஒற்றை இழைகளைப் பதிவு செய்து 2021இல் வெளியிட்டபோது, அந்தத் தனித்த இழப்பு எதிர்பார்த்த அளவுக்குத் தெளிவாக இல்லை. தன் கதையின் மிகக் கச்சிதமான பகுதியைத் தானே சோதித்துப் பலவீனம் கண்டது அந்த ஆய்வகத்துக்குப் பெருமையே. படிக்கும் நாம் அந்தப் பகுதியை இப்போதைக்கு ஊகம் என்ற தட்டில் வைப்பதே நேர்மை.

மருந்து எங்கே

நரம்பிணைப்பு போனாலும் நரம்புச்செல் மாதங்கள், ஆண்டுகள் உயிரோடிருக்கிறது என்பது நோயறிதலுக்குத் தடை, சிகிச்சைக்கோ அவகாசம். கேப்ரியல் கோர்ஃபாஸோடு சேர்ந்து 2014இல் வெளியான ஆய்வில், நியூரோட்ரோஃபின்–3 என்ற வளர்ச்சிப் புரதத்தை மரபணு வழியே கூட்டியபோது சுண்டெலியில் இணைப்புகள் மீண்டும் முளைத்தன. 2016இல் அதே புரதத்தை நடுச்செவியை ஒட்டிய வட்டச் சாளரத்தின் வழியாக மருந்துபோல் செலுத்தியும் பலன் கிடைத்தது. மயிர்ச்செல்லையே புதிதாக வளர்க்கும் முயற்சியாக ஆல்பர்ட் எட்ஜ் தலைமையில் ஓர் ஆய்வும் 2013இல் வந்தது.

மனிதரிடம் இன்னும் விடியவில்லை. மயிர்ச்செல்லை மீள வளர்க்கும் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட எஃப்எக்ஸ்–322 என்ற மருந்து 2023இல் மருத்துவச் சோதனையில் தோற்றது. ஓட்டோஃபெர்லின் மரபணுப் பிழையோடு பிறந்த குழந்தைகளுக்கு ஷாங்காயில் அளித்த மரபணு சிகிச்சை, ஆறு பேரில் ஐவருக்குக் கேட்கும் திறனைத் தந்தது என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அது மயிர்ச்செல் நரம்போடு பேசும் இடத்திலுள்ள பிறவிப் பழுது. அந்தச் சின்ன இடத்தைத் தொட்டால் பலன் உண்டு என்பதற்கு அது சான்று. சத்தத்தாலும் வயதாலும் அறுந்த இணைப்புக்கு மருந்து அல்ல.

மதிப்பீடு

மொத்தத்தில் என்ன தேறுகிறது? விலங்கில் நரம்பிணைப்பு இழப்பு உறுதி. மனிதரில் வயதோடு நரம்பிழைகள் மயிர்ச்செல்லை முந்திக்கொண்டு போவது எலும்புச் சான்றால் உறுதி. ஒரு தனி மனிதரிடம் அதை அளந்து, "உங்கள் தவிப்புக்குக் காரணம் இதுதான்" என்று சொல்லும் சோதனை இன்னும் கைவசம் இல்லை. இளைஞரின் அன்றாடச் சத்தம் எவ்வளவு சேதம் செய்கிறது என்பதும் முடிவாகவில்லை.

இந்த இடைவெளியில் சட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது அறிவியலோடு முடியாத கேள்வி. அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கான விதிகளிலும் இந்தியத் தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகளிலும் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பதே வரம்பு. நிரந்தரமாகக் கேட்பெல்லை உயர்கிறதா என்று பார்த்தே இத்தகைய வரம்புகள் வகுக்கப்பட்டன. வேலை முடிந்து வீடு வந்ததும் காது "ஙொய்" என்று கேட்டு, காலையில் தெளிந்துவிட்டால் கேடில்லை என்பது அவற்றின் அடிப்படை. 2009க்குப் பிறகு அந்த அடிப்படையைப் பாதுகாப்பானது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆபத்தானது என்று மனிதரிடம் நிரூபித்துவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. 2050இல் ஏறத்தாழ 250 கோடிப் பேருக்கு ஏதோ ஓரளவு செவித்திறன் குறை இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணித்தது. அந்தக் கணக்கும் கேட்பெல்லையை வைத்தே போடப்பட்டது. கோடு நேராக இருப்பவர்கள் அதில் சேரவில்லை.

காதுக்கருவி வாங்குவோரும் இதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். கருவி ஒலியைக் கூட்டித் தரும். அறுந்த இழைக்கு ஈடு தராது. "சத்தமா கேட்குது, ஆனா தெளிவா இல்லை" என்று முதியவர் சொன்னால் அது பிடிவாதம் அல்ல, உடலின் துல்லியமான அறிக்கை. இன்னும் உரக்கக் கத்துவதைவிட, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முகம் பார்த்து நிதானமாகப் பேசுவது உதவும்.

லிபர்மனின் ஐம்பதாண்டைப் பின்னோக்கிப் பார்த்தால், அவர் திரும்பத் திரும்பச் செய்தது ஒரே வேலைதான்: மற்றவர்கள் இயல்பு என்று கடந்து போன காதை எடுத்து மறுபடி எண்ணுவது. இயல்பு என்றால் என்ன என்று அறியவே பூனைகளை அமைதியில் வளர்த்தார். குணமாகிவிட்டது என்று சொல்லப்பட்ட எலியின் காதில் புள்ளிகளை எண்ணினார். முதுமைதான் என்று முத்திரை குத்தி வைத்த எலும்புகளை அலமாரியிலிருந்து இறக்கினார். பரிசோதனை அறையிலிருந்து "ஒரு குறையும் இல்லை" என்ற சீட்டோடு வெளியே வருபவருக்கு மருத்துவர் இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியதும் அந்த வழக்கத்திலிருந்து வருவதே: "நாங்கள் அளந்த இடத்தில் குறை இல்லை."